ஏழு பாலங்களை எழுதி வைத்தல்

கோட்டுருவியல் பாடப்புத்தகம் எதைப் புரட்டினாலும் முதல் அத்தியாயத்தில் ஒரு படம் இருக்கும். நான்கு புள்ளிகள், அவற்றை இணைக்கும் ஏழு கோடுகள். அடியில் ஒரு குறிப்பு: லியோன்ஹார்ட் ஆய்லர், 1736, கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பாலங்கள். நிலத்தைப் புள்ளியாக்கினார், பாலத்தைக் கோடாக்கினார், ஒரு துறை பிறந்தது என்பார்கள். முதுகலை வகுப்பில் எனக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்தப் படத்தை ஆய்லர் வரையவேயில்லை. அவர் கட்டுரையில் இருப்பவை ஆற்றின் வரைபடங்கள்தான். கரை கரையாகவே இருக்கிறது, தீவு தீவாகவே இருக்கிறது. புள்ளியும் கோடுமான அந்தப் படம் கோனிக்ஸ்பெர்க் புதிரோடு சேர்ந்து அச்சேறுவது 1892-இல், கேம்பிரிட்ஜில் இருந்த ரௌஸ் பால் எழுதிய கணித விளையாட்டுப் புத்தகத்தில். இடையில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

கணித வரலாறு என் தொழில் அல்ல. மின்சாரம், தண்ணீர், சரக்குப் போக்குவரத்து நடத்துகிற நிறுவனங்களின் வலைப்பின்னல்களைக் கணினியில் எப்படி எழுதி வைப்பது என்று ஆலோசனை சொல்லிப் பிழைப்பவன் நான். ஆகவே எனக்கு எழுந்த கேள்வி தொழில்காரனின் கேள்வி. படம் இல்லையென்றால் ஆய்லர் எதை வைத்து யோசித்தார்? ஏழு பாலங்களைத் தாளில் எப்படி எழுதி வைத்தார்?

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கு பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில் பிரேகல் ஆறு பிரிந்து ஓடுகிறது. நடுவில் க்னைப்ஹோஃப் என்ற சின்னத் தீவு. தேவாலயமும் பழைய பல்கலைக்கழகமும் அங்கேதான். அதன் கிழக்கே, ஆற்றின் இரண்டு கிளைகளுக்கு நடுவே, லோம்ஸே என்ற நிலப்பகுதி. தீவிலிருந்து வடகரைக்கு இரண்டு பாலங்கள்: கடைக்காரர் பாலம், கொல்லர் பாலம். தென்கரைக்கு இரண்டு: பச்சைப் பாலம், குடல் பாலம். தீவுக்கும் லோம்ஸேக்கும் நடுவில் தேன் பாலம். லோம்ஸேயிலிருந்து வடகரைக்கு மரப் பாலம், தென்கரைக்கு உயரப் பாலம். ஏழையும் ஒவ்வொரு முறை மட்டும் கடந்து ஒரு நடை போக முடியுமா என்பது ஊர்க்காரர்களின் புதிர்.

இதை ஆய்லரிடம் கொண்டுசேர்த்தவர்களில் ஒருவர் கார்ல் ஏலர், பின்னாளில் டான்சிக் நகரத்தின் மேயரானவர். ஆய்லர் அப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமியில் இருந்தார். 1736 ஏப்ரலில் ஏலருக்கு அவர் எழுதிய பதிலில் கொஞ்சம் சலிப்பு தெரிகிறது. இதற்கும் கணிதத்துக்கும் பெரிய உறவு இல்லை, வெறும் பகுத்தறிவால் தீர்கிற விஷயத்தை ஒரு கணிதக்காரனிடம் ஏன் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்கிறார். இத்தனைக்கும் அதற்கு முந்தைய ஆண்டே, 1735 ஆகஸ்டில், இதைப் பற்றிய கட்டுரையை அகாடமியில் அவர் படித்தாகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 28. அது அச்சாகி வெளிவந்தது 1741-இல். 1736 என்பது அந்தத் தொகுதிக்கு உரிய ஆண்டு. பாடப்புத்தகங்கள் சொல்லும் ஆண்டு அங்கிருந்துதான் வருகிறது.

கட்டுரையின் தொடக்கத்திலேயே அவர் ஒரு வழியைத் தள்ளிவிடுகிறார்: எல்லாப் பாதைகளையும் பட்டியலிட்டுப் பார்ப்பது. முடியும், ஆனால் மிகுந்த உழைப்பு. பாலங்கள் கூடினால் நடக்காத காரியம் என்கிறார். இன்று கணினி வகுப்பின் முதல் மாதத்தில் மாணவர்களுக்குச் சொல்கிற எச்சரிக்கை இது. பிறகு அவர் செய்கிற வேலைதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நிலப்பகுதிகளுக்கு எழுத்துகளைப் பெயராக வைக்கிறார். நடையை எழுத்துச் சரமாக எழுதுகிறார். அவர் வைத்தவை லத்தீன் எழுத்துகள். நாம் க்னைப்ஹோஃபை க என்றும், வடகரையை வ, தென்கரையை த, லோம்ஸேயை ல என்றும் வைத்துக்கொள்வோம். தீவிலிருந்து வடக்கே போய் அங்கிருந்து லோம்ஸே போனால் அது கவல. இரண்டு பாலம், மூன்று எழுத்து. ஏழு பாலத்துக்கு எட்டு எழுத்து வேண்டும்.

அடுத்தது எண்ணுவது. ஓர் இடத்துக்கு ஒரே பாலம் இருந்து அதைக் கடந்தால் அந்த இடத்தின் எழுத்து ஒருமுறை வரும். மூன்று பாலம் இருந்தால், நடை அங்கே தொடங்கினாலும் வேறெங்கே தொடங்கினாலும், இரண்டு முறை வந்தாக வேண்டும். ஐந்து இருந்தால் மூன்று முறை. தீவுக்கு ஐந்து பாலம், மற்ற மூன்று இடங்களுக்கும் தலா மூன்று. 3, 2, 2, 2, கூட்டினால் 9. எட்டு இடமுள்ள சரத்தில் ஒன்பது எழுத்தை உட்கார வைக்க முடியாது. அவ்வளவுதான் நிரூபணம். இதைச் சின்ன அட்டவணையாகவும் போட்டுவைத்திருக்கிறார்: இடத்தின் எழுத்து, அதன் பாலங்களின் எண்ணிக்கை, அந்த எழுத்து வரவேண்டிய தடவை.

ஆக, ஆய்லரிடம் இருந்தது எழுத்தும் அட்டவணையும். நம் மொழியில் இந்தத் துறைக்கு வழங்கும் சொல் கோட்டுரு, கோடும் உருவும். நல்ல சொல்தான், நானும் அதையே புழங்குகிறேன். ஆனால் தொடக்கத்தில் கோடும் இல்லை, உருவும் இல்லை. ஆற்றின் அகலம், பாலத்தின் நீளம், அது மரமா கல்லா என்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு எது எதோடு சேர்கிறது என்பதை மட்டும் எழுத்தில் பிடித்துவைத்தார்.

அவர் விட்டுவைத்த மிச்சமும் ஒன்று உண்டு. ஒற்றைப்படைப் பாலங்கள் உள்ள இடங்கள் இரண்டுக்கு மேல் இருந்தால் நடை இல்லை என்று காட்டினார். அப்படி இல்லாதபோது நடை நிச்சயம் உண்டு என்பதை முழுமையாக நிரூபித்தவர் கார்ல் ஹீர்ஹோல்ட்சர் என்ற இளம் ஜெர்மானியர். அவர் அதை எழுதி முடிக்கவில்லை. சக ஆசிரியர் ஒருவரிடம் வாய்மொழியாகச் சொன்னார். 1871-இல், முப்பது வயதில், இறந்துபோனார். கேட்டவர்கள் நினைவிலிருந்து எழுதி 1873-இல் அவர் பெயரிலேயே வெளியிட்டார்கள்.

பெயர் வந்த கதை சுருக்கமானது. 1878-இல் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் வேதியியல் மூலக்கூறுகளின் படங்களைப் பற்றி எழுதும்போது ‘கிராஃப்’ என்ற சொல்லை இந்தப் பொருளில் புழக்கத்தில் விட்டார். கேம்பிரிட்ஜில் 1837-இல் கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பிடித்தும் யூதர் என்பதால் பட்டம் மறுக்கப்பட்டவர் அவர். கோனிக்ஸ்பெர்க்கோ இன்னொரு பங்களிப்பைத் தன் பிள்ளை வழியாகச் செய்தது. 1824-இல் அங்கே பிறந்த குஸ்தாவ் கிர்க்காஃப் 1847-இல் மின்சுற்றுகளைக் கணக்கிடக் கிளைபிரியும் மரங்களைப் பயன்படுத்தினார். மின்வலைப்பின்னலைக் கணக்கிடுகிற எவரும் இன்றும் அவருக்குக் கடன்பட்டவர்களே.

இந்தத் துறைக்கென்று முதல் முழுப் புத்தகம் 1936-இல் வந்தது. கோனிக்ஸ்பெர்க் கட்டுரையின் பெயரளவு ஆண்டிலிருந்து சரியாக இருநூறு ஆண்டுகள். எழுதியவர் புடாபெஸ்டில் இருந்த டேனெஷ் கோனிக். (ஊரின் பெயரும் இவர் பெயரும் ஒத்திருப்பது தற்செயல், ஜெர்மன் மொழியில் கோனிக் என்றால் அரசன்.) யூத வம்சத்தில் வந்த ஹங்கேரியர் ஒருவரின் ஜெர்மன் புத்தகம், ஹிட்லர் ஆட்சிக்கு வந்து மூன்றாண்டு ஆன பின் லைப்ஸிக் நகரத்தில் அச்சானது. ஹங்கேரியில் கெடுபிடி இறுகியபோது வதைபட்ட கணிதக்காரர்களுக்கு உதவி செய்துவந்தார் கோனிக். 1944 அக்டோபர் 15-இல் அம்புச் சிலுவைக் கட்சி நாட்டைக் கைப்பற்றியது. அக்டோபர் 19-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். வயது 60. நூல் நின்றது, கணினிக்காரர்கள் கோட்டுருக்களுக்கு வந்தபோது அவர்களுக்குத் தேவையான சொற்களும் தேற்றங்களும் தயாராக இருந்தன.

கணினிக்கு வருவோம். கணினிக்குப் படம் தெரியாது. அதற்குத் தெரிந்தது வரிசையாக எண் போட்ட நினைவகப் பெட்டிகள் மட்டும். கணிதக்காரர்கள் ஏற்கனவே பழகியிருந்த முறை அணி: கணுக்களை மேலேயும் பக்கத்திலும் எழுதி, இணைப்பு இருக்கிற கட்டத்தில் ஒன்று, இல்லாத கட்டத்தில் பூஜ்யம். எளிமையானது, பார்க்க அழகானது. சிக்கல் அதன் பசி. 64 ஊர் என்றால் 4,096 கட்டம். 10,000 ஊர் என்றால் 10 கோடிக் கட்டம். அந்தப் பத்தாயிரம் ஊர்களுக்கு நடுவே 30,000 சாலைதான் இருக்கும் என்றால் கட்டங்களில் பெரும்பாலானவை பூஜ்யத்தைச் சுமப்பதற்காகவே உட்கார்ந்திருக்கும்.

64 என்ற எண்ணைச் சும்மா சொல்லவில்லை. 1956-இல் ஆம்ஸ்டர்டாமின் கணித மையத்தில் ஆர்மாக் என்ற புதிய கணினியின் தொடக்க விழா. வருகிறவர்கள் கணிதம் தெரியாதவர்கள். அவர்களுக்குப் புரிகிற ஒரு கணக்கை எந்திரம் போட்டுக்காட்ட வேண்டும். அங்கே புரோகிராமராக இருந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, நெதர்லாந்தின் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மிகக் குறைந்த தூரமுள்ள வழி எது என்ற கணக்கைத் தேர்ந்தெடுத்தார். 64 ஊர்கள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், ஓர் ஊரின் எண்ணை 6 பிட்டுக்குள் அடக்கலாம் என்பதுதான். முறையைக் கண்டுபிடித்தது வருங்கால மனைவி ரியாவோடு கடைவீதிக்குப் போன ஒரு காலையில், காபிக்கடையின் வெளித்திண்ணையில், சுமார் 20 நிமிடத்தில், தாளும் பென்சிலும் இல்லாமல் என்று பின்னாளில் சொன்னார். தாள் இருந்திருந்தால் தவிர்க்கக்கூடிய சிக்கல்களைத் தவிர்த்திருக்க மாட்டேன் என்பது அவர் கட்சி.

1959-இல் அது மூன்றே பக்கக் கட்டுரையாக வந்தது. நான் அதைத் தொழில்காரனாகத்தான் படிக்கிறேன். நினைவகத்தைப் பற்றி அவர் படுகிற கவலை எனக்கு அன்றாடம் தெரிந்த கவலை. எல்லா இணைப்புகளையும் ஒரே சமயத்தில் எந்திரத்துக்குள் வைத்திருக்க வேண்டியதில்லை, அந்தக் கணத்துக்கு வேண்டியவை இருந்தால் போதும் என்பதைத் தன் முறையின் சிறப்பாகவே அவர் சுட்டிக்காட்டுகிறார். இன்று கைபேசியில் வழி தேடுகிறவர் எவரும் இந்த மூன்று பக்கத்தின் வாரிசுகளைத்தான் பயன்படுத்துகிறார். 1957-இல் டைக்ஸ்ட்ராவுக்கும் ரியாவுக்கும் திருமணம் நடந்தபோது தொழில் என்ற இடத்தில் புரோகிராமர் என்று எழுதிக்கொடுத்தார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று நகராட்சி அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். பதிவேட்டில் அவர் கோட்பாட்டு இயற்பியலாளர்.

அணியின் பசிக்கு மாற்று, பட்டியல். 1950-களின் நடுவிலேயே நியூவெல், ஷா, சைமன் மூவரும் தங்கள் மொழியில் பட்டியல்களைச் சங்கிலியாகக் கோத்துக் காட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கணுவுக்கும் அதன் அண்டை வீட்டார் யார் யார் என்று ஒரு பட்டியல். இல்லாத இணைப்புக்கு இடமே கிடையாது. இதைப் பெரும்பயனோடு காட்டியவர்கள் ஜான் ஹாப்கிராஃப்ட், ராபர்ட் டார்ஜன் இருவர். 1970-களின் தொடக்கம், ஸ்டான்ஃபோர்ட். ஒருவர் கார்னெலிலிருந்து வந்திருந்த பேராசிரியர், மற்றவர் மாணவர். ஒரு கோட்டுருவைக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் தாளில் வரைய முடியுமா என்பது அவர்களின் கணக்கு. மின்சுற்றுப் பலகை செய்கிறவர்களுக்கு அது சாப்பாட்டுக் கணக்கு. அண்டைப் பட்டியலில் எழுதிவைத்து, ஒரு வழியைப் பிடித்தால் முட்டுகிற வரை உள்ளே போய்ப் பிறகு திரும்பிவருகிற தேடலால் அதைத் தீர்த்தார்கள். 900 கணுக்கள் உள்ள கோட்டுருவை அவர்களின் அல்கால் நிரல் 12 வினாடிக்குள் சோதித்தது. அந்தத் தேடலோ பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ட்ரேமோ என்ற பிரெஞ்சுக்காரர் சிக்கல்பாதைகளிலிருந்து வெளியேறச் சொன்ன உபாயம். எழுதிவைக்கிற முறை மாறியதும் பழைய உபாயம் புது வேகம் பெற்றது. 1986-இல் இருவருக்கும் டூரிங் பரிசு கிடைத்தது.

ஆம்ஸ்டர்டாம் கணித மையம் 1983-இல் பெயர் மாறி, கணிதத்துக்கும் கணினியியலுக்குமான மையமானது. டைக்ஸ்ட்ரா அங்கிருந்து போய் வெகுகாலம். அதே நிறுவனத்தில் 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக, கைடோ வான் ரோசம் ஒரு மொழியை எழுதத் தொடங்கினார். அதுதான் பைத்தான். 1998-இல் அந்த மொழியில் கோட்டுருவை எப்படி எழுதுவது என்று அவரே ஒரு சிறு கட்டுரை எழுதினார். கோட்டுருவை நேரடியாகத் தருகிற மொழிகள் சிலவே, பைத்தானும் தருவதில்லை, ஆனால் இருக்கிறதை வைத்தே கட்டிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இருப்பவை இரண்டு: அகராதி, பட்டியல். கணுவின் பெயர் அகராதியின் சொல். அதற்குப் ‘பொருள்’, அண்டைக் கணுக்களின் பட்டியல். பாதை தேடுகிற நிரல் பத்து வரிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். எடுத்துக்காட்டில் கணுக்களுக்கு அவர் வைத்த பெயர்கள் வெறும் எழுத்துகள். ஆய்லர் செய்த அதே காரியம்.

நம் ஏழு பாலத்தை அப்படி எழுதினால் நான்கு வரி:

க: வ, வ, த, த, ல
வ: க, க, ல
த: க, க, ல
ல: க, வ, த

எண்ணிப் பார்த்தால் பதினான்கு எழுத்து. ஒவ்வொரு பாலமும் இரண்டு கரையிலிருந்தும் ஒருமுறை எழுதப்பட்டிருக்கிறது. முதல் வரியில் வ இரண்டு முறை வருவதைக் கவனிக்க வேண்டும். ஒன்று கடைக்காரர் பாலம், மற்றது கொல்லர் பாலம். திருத்தமாக வேலை செய்கிற புரோகிராமர்களுக்கு இந்த மாதிரி இரட்டிப்பைக் கண்டால் கை அரிக்கும். பட்டியலுக்குப் பதிலாகக் கணம் என்ற அமைப்பைப் போடுவார்கள். கணத்தில் ஓர் எழுத்து ஒருமுறைதான் இருக்கும். தேடல் வேகமாகும், நிரல் சுத்தமாகும். பூஜ்யமும் ஒன்றும் மட்டும் எழுதுகிற அணியிலும் இதேதான் நடக்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரத்தின் குடிநீர்க் குழாய் வலைப்பின்னலைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். அங்கே இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே பழைய குழாய் ஒன்றும் புதிய குழாய் ஒன்றும் இணையாக ஓடின. அவர்களிடம் இருந்த மென்பொருள் அண்டைகளைக் கணமாக வைத்திருந்தது; இரண்டு குழாயும் அதற்கு ஒன்றே. பழைய குழாயைப் பழுதுபார்க்க மூடினால் ஒரு குடியிருப்புக்கே தண்ணீர் நின்றுவிடும் என்று அறிக்கை தந்தது. புதிய குழாயைப் பதித்தவரோ பக்கத்து மேசையில் இருந்தார். என் குழாயை எங்கே தொலைத்தீர்கள் என்று அவர் கேட்டார். இருக்கிற மாற்றுவழியை இல்லையென்று சொன்னதால் அங்கே யாருக்கும் கெடுதல் வரவில்லை. இரண்டு குழாயும் தேவைப்படுகிற அளவுக்குத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒன்றைத் தொலைத்தால் கதை வேறு. இன்னது இன்னதோடு சேர்கிறது என்பது ஒரு தகவல். எத்தனை முறை சேர்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவது வேண்டாம் என்று முடிவெடுக்க எழுதுகிறவருக்கு உரிமை உண்டு. அந்த முடிவு நிரலில் ஒற்றைச் சொல்லாக, யார் கண்ணிலும் படாமல், உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு உறுத்தல்.

கோனிக்ஸ்பெர்க்கைக் கணமாக எழுதினால் என்ன ஆகும்? தீவுக்கும் வடகரைக்கும் நடுவே ஒரு பாலம் மறைகிறது, தென்கரைப் பக்கம் ஒன்று மறைகிறது. ஏழு ஐந்தாகிறது. தீவுக்கு மூன்று, லோம்ஸேக்கு மூன்று, கரைகளுக்கு இரண்டிரண்டு. ஒற்றைப்படை இடங்கள் இரண்டே. ஆய்லர் முடியாது என்று நிரூபித்த நடை இப்போது முடியும். எழுதிவைத்த முறையே விடையைத் தலைகீழாக்கிவிட்டது.

நகரத்துக்கு இதுதான் நடந்தது. 1944 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இரண்டு இரவுகள் பிரிட்டிஷ் விமானங்கள் கோனிக்ஸ்பெர்க்கைக் குண்டு வீசி எரித்தன. க்னைப்ஹோஃப் தீவில் ஒன்றோடொன்று ஒட்டி நின்ற வீடுகள் அழிந்தன. நகரத்து யூதர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே வெளியேறியிருந்தார்கள், அல்லது ரயிலேற்றிக் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். 1945 ஏப்ரல் 9-இல் நகரம் சோவியத் படையிடம் சரணடைந்தது. 1946 ஜூலையில் அதன் பெயர் கலினின்கிராட் ஆனது. மிஞ்சியிருந்த ஜெர்மானியர்கள் அடுத்த சில ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டார்கள். ரஷ்யாவிலிருந்தும் பெலாரஸிலிருந்தும் புதியவர்கள் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டார்கள். ஊர்ப்பெயர் மாறும்போது கூடவே என்னவெல்லாம் மாறும் என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நடையின் புதிரைப் பேசிய மொழியே அந்தத் தெருக்களில் இல்லாமல் போனது.

போரில் போன பாலங்கள் இரண்டு: கொல்லர் பாலம், குடல் பாலம். வடக்கே இருந்த ஜோடியில் ஒன்று, தெற்கே இருந்த ஜோடியில் ஒன்று. ஜோடியின் மற்ற இரண்டையும், கடைக்காரர் பாலத்தையும் பச்சைப் பாலத்தையும், பின்னர் சோவியத் பொறியாளர்கள் இடித்துவிட்டு 1970-களின் தொடக்கத்தில் தீவின் மேலாகவே செல்லும் நீண்ட மேம்பாலம் ஒன்றைக் கட்டினார்கள். தேன் பாலமும் மரப் பாலமும் உயரப் பாலமும் அவற்றின் இடத்தில் இருக்கின்றன. மேம்பாலத்திலிருந்து தீவுக்கு இறங்கப் படிக்கட்டு உண்டு. ஆகவே அதைத் தீவின் வடக்கே ஒரு பாலம், தெற்கே ஒரு பாலம் என்று எண்ணுவதே வழக்கம். பிற்காலத்தில் வந்த வேறு பாலங்களைச் சேர்க்காவிட்டால், மொத்தம் ஐந்து.

தீவில் இப்போது வீடுகள் இல்லை. மரங்கள் நிற்கிற பூங்காவும், 1990-களில் கூரை போட்டுச் சீர்செய்த தேவாலயமும், அதன் சுவரோரம் இம்மானுவல் கான்ட்டின் கல்லறையும் இருக்கின்றன. நடை அங்கே தொடங்க வேண்டும். படியேறி மேம்பாலத்தில் வடகரை, மரப் பாலத்தில் லோம்ஸே, உயரப் பாலத்தில் தென்கரை, மறுபடி மேம்பாலத்தில் தீவு, தேன் பாலத்தில் லோம்ஸே. ஆறு எழுத்து: கவலதகல.